மனோராவில் விளக்கு எப்போது அணைந்தது?

பேராவூரணிக்காரன் | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரையில் நிற்கும் மனோராவுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது சைக்கிளில் போய்ச் சுற்றியது, அதற்குப் பிறகு இப்போதுதான். முதல் நாள் நல்ல மழை. அகழியில் தண்ணீர் தேங்கி, கோட்டைச் சுவரும் நடுவில் இருக்கும் கோபுரமும் தண்ணீருக்குள் நிற்பது போல இருந்தது. மகள் பார்த்ததுமே "அப்பா, தீவுக் கோட்டை" என்றாள்.

அங்கே கடலை வறுத்துக்கொண்டிருந்தவர், "இது பழைய லைட்ஹவுஸ் சார், வெள்ளைக்காரன் காலத்துல எரிஞ்சிச்சு, அப்புறம் நிறுத்திட்டாங்க" என்றார். உடனே மகள் பிடித்துக்கொண்டாள். எப்போது நிறுத்தினார்கள்? ஏன்? கடைசியாக விளக்கு ஏற்றியவர் யார்? வீடு வந்து சேரும்வரை இதே கேள்வி. நானும் சின்ன வயதிலிருந்து அதைக் கலங்கரை விளக்கம் என்று நம்பி வளர்ந்தவன்தான், ஆனால் ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. இங்கே வரலாறு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். விளக்கு எப்போது அணைந்தது என்று சொன்னால் வீட்டில் மானம் காப்பாற்றப்படும்.

தேத்தாங்கொட்டை | சனி, இரவு 10:25

தம்பி, அணைந்த தேதியைத் தேடுவதற்கு முன்னால் ஏற்றிய தேதியைக் கேட்டிருக்க வேண்டும்.

இருபத்தைந்து வருடம் பட்டுக்கோட்டைப் பக்கம் சரித்திரப் பாடம் நடத்தியவள் நான். வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை மனோராவுக்கு அழைத்துப் போவேன். கட்டியவர் தஞ்சை மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி. ஊரின் பெயரே சரபேந்திரராஜன்பட்டினம். அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, 75 அடி உயரம். எதற்காகக் கட்டினார் என்பதை அவரே கல்லில் எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலக் கல்வெட்டு, பிரிட்டிஷ் அரசின் நண்பரும் கூட்டாளியுமான தஞ்சை ராஜா, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இந்தத் தூணை எழுப்பினார் என்று சொல்லி, 1814 என்று ஆண்டும் போடுகிறது. தூண் என்றுதான் இருக்கிறது. விளக்கு, கப்பல், மாலுமி என்று ஒரு சொல் அதில் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன் 18. கல்வெட்டில் இருப்பதோ 1814. அந்த வருடம் மார்ச் கடைசியில் நேசப் படைகள் பாரிஸுக்குள் நுழைந்தன, ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்குப் போனான். இந்த வீழ்ச்சியைத்தான் சரபோஜி கொண்டாடினார். சுண்ணாம்பு காய்வதற்குள் அந்த ஆள் எல்பாவிலிருந்து தப்பி மறுபடியும் பாரிஸில் உட்கார்ந்துவிட்டான் என்பது வேறு கதை!

செங்கல்சூளை | சனி, இரவு 10:41

டீச்சர், வெற்றித் தூணுக்கு அகழி எதற்கு? எட்டு மாடி எதற்கு? உள்ளே படிக்கட்டு எதற்கு? ராஜா குடும்பம் தங்கவும், பிறகு கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது என்று இணையத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறதே. எல்லோரும் சேர்ந்தா பொய் சொல்வார்கள்?

தேத்தாங்கொட்டை | சனி, இரவு 10:58

எல்லோரும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டால் போதும். வாட்டர்லூ கதை அப்படித்தானே பரவியது?

அதிரை காக்கா | ஞாயிறு, காலை 6:15

சுபஹு தொழுதுவிட்டு வந்து இதைப் படித்தேன். நல்ல இழை.

டீச்சரம்மா சொல்வது கல்வெட்டு. நான் பெயரைப் பற்றிச் சொல்கிறேன். மனோரா என்பது தமிழும் இல்லை, மராத்தியும் இல்லை. மனாரா என்ற அரபுச் சொல். நூர் என்றால் ஒளி. அந்த வேரிலிருந்து வந்ததுதான் மனாரா, ஒளி இருக்கும் இடம். பள்ளிவாசல் மினாருக்கும் அதே சொல்தான். அலெக்சாந்திரியாவில் உலக அதிசயமாக இருந்த கலங்கரை விளக்கத்தையும் அரபு மக்கள் மனாரா என்றுதான் சொன்னார்கள். ஆகவே கடலை விற்றவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது பெயரின் அர்த்தம், கட்டடத்தின் வேலை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கத்தில் மனோரா என்றால் முதலில் ஞாபகம் வருவது நாகூர்தான். தர்காவில் ஐந்து மனோரா. அதில் பெரியது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங். அவர் மகன் துளஜா, துளஜா சுவீகாரம் எடுத்த பிள்ளை சரபோஜி. பாட்டனார் நாகூரில் ஒரு மனோரா எழுப்பினார், பேரனார் எங்கள் கரையில் ஒன்று எழுப்பினார். கடலில் இருந்து வருகிறவனுக்கு நாகூரில் முதலில் தெரிவது அந்தப் பெரிய மனோராதான். சாகுல் ஹமீது ஆண்டகை கப்பல்காரர்களைக் காப்பவர் என்று சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் நேர்ந்துகொள்வது தெரியும்தானே. கரையில் உயரமாக ஒன்று நின்றால் கடல்காரன் அதைத் தன் விளக்காக எடுத்துக்கொள்வான், ராஜா எதற்காகக் கட்டினார் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

என் வாப்பா தோணியில் போனவர். பகலில் கரை திரும்பும்போது மனோராவை ஒரு கண்ணிலும் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பை ஒரு கண்ணிலும் வைத்துக்கொண்டு வருவோம் என்பார். இரவில்? இரவில் நட்சத்திரமும் அல்லாஹ்வும் என்பார். மனோராவில் விளக்கு எரிந்ததாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பழைய மாலுமி | ஞாயிறு, காலை 8:30

காக்கா சொன்னதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டு இப்போது திருத்துறைப்பூண்டியில் மாடு வளர்க்கிறேன், அதனால் நேரம் இருக்கிறது.

பூமி உருண்டை என்பதால் உயரம்தான் தூரம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். மனோரா 23 மீட்டர், வர்க்கமூலம் 4.8. ஏறக்குறைய 10 கடல் மைல். தோணியில் நிற்பவனின் கண் உயரம் 2.5 மீட்டர் என்று வைத்தால் இன்னும் 3 மைல் சேரும். ஆக 13 கடல் மைல், நம் கணக்கில் 24 கிலோமீட்டர். இது கோபுரத்தின் உச்சி மட்டும் தலைகாட்டும் தூரம். வானம் தெளிவாக இருக்க வேண்டும்.

எனவே பகல் அடையாளமாக மனோரா பிரமாதம். தட்டையான கரை, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரித் தென்னையும் பனையும். நடுவில் இது ஒன்றுதான் தனியாக நிற்கிறது. இரவு விளக்கு என்றால் கதை வேறு. நாலு பக்கமும் கண்ணாடி போட்ட விளக்கறை வேண்டும், புகை போக மேலே வழி வேண்டும், எண்ணெய் வைக்கக் கிடங்கு வேண்டும், ராத்திரி முழுக்கத் திரியைப் பார்க்க முறை வைத்து ஆள் வேண்டும். விளக்குக்கு ஓர் அடுக்கு போதும், மற்றதெல்லாம் குருட்டுச் சுவராக இருந்தால்தான் காற்றுக்கு நல்லது. மனோராவில் அடுக்குக்கு அடுக்கு வளைவு வைத்த சன்னல். அது வெளியே பார்ப்பதற்காகக் கட்டியது, வெளியே இருப்பவன் பார்ப்பதற்காக அல்ல.

நான் பார்த்த பழைய விளக்குகளில் மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேன்டில் என்ற வலைத்திரியில் எரிப்பார்கள். பெரிய கண்ணாடி வில்லை பாதரசத் தொட்டியில் மிதந்து சுற்றும். எடைக்கல் கீழே இறங்கும் வேகத்தில்தான் சுழற்சி, சில மணிக்கு ஒரு முறை சாவி கொடுத்து மேலே ஏற்ற வேண்டும். பகலில் திரை போட்டு மூடிவிடுவார்கள். மறந்தால் வில்லை வெயிலைக் குவித்துத் தன் விளக்கையே எரித்துவிடும். அந்த வில்லையெல்லாம் 1820-களில் பிரான்சில் வந்த சங்கதி. மனோரா கட்டும்போது உலகத்திலேயே கிடையாது.

செங்கல்சூளை | ஞாயிறு, காலை 9:02

வில்லை இல்லாவிட்டால் என்ன ஐயா? எண்ணெய் விளக்கு வைத்திருக்கலாமே. சங்க காலத்திலேயே தீப்பந்தம் வைத்தார்களாமே.

பழைய மாலுமி | ஞாயிறு, காலை 9:20

வைக்கலாம், மறுக்கவில்லை. 1796-ல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே, அதிகாரிகள் கூடும் மாளிகையின் கூரையில் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். இன்று கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் அது. 1844-ல் உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் கல்தூணுக்கு விளக்கை மாற்றினார்கள், 1894-ல் நீதிமன்றக் கோபுரத்துக்கு, 1977-ல் மெரினாவுக்கு. கோட்டைக்குள் எரிந்து ஓய்வு பெற்ற கலங்கரை விளக்கம் வேண்டுமென்றால் அதுதான் சரியான ஆள். தேதி சுத்தமாக இருக்கிறது. பேராவூரணித் தம்பி மகளிடம் அதைச் சொல்லலாம்.

ஆனால் சென்னையில் நாற்பது ஐம்பது கப்பல் நங்கூரம் போடும். மனோராவுக்கு எதிரே என்ன கப்பல்? பாக் விரிகுடாவே ஆழமில்லாத தொட்டி. ஆழமான இடத்திலும் 15 மீட்டரைத் தாண்டாது, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். பெரிய கப்பல் நாகப்பட்டினத்தை விட்டால் இலங்கையைச் சுற்றித்தான் போகும். இங்கே வந்ததெல்லாம் தோணி. தோணிக்காரன் இருட்டினால் நங்கூரம் போட்டுத் தூங்குவான், விளக்குக்காக யாரிடமும் மனுப் போட மாட்டான்.

தேத்தாங்கொட்டை | ஞாயிறு, காலை 11:10

1796 என்றதும் ஒன்று தோன்றுகிறது. சரபோஜி 1790-களில் சில வருடம் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி பாதுகாப்பில் இருந்து படித்தவர். கோட்டை விளக்கு எரிய ஆரம்பித்த காலம். அந்த வயதுப் பையன் அதைப் பார்க்காமலா இருந்திருப்பான்? செங்கல்சூளை, உங்கள் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் அவர் கப்பல் கட்டும் இடமும் வைத்திருந்தார், கடலோட்டக் கருவிகளும் சேகரித்தார்.

ஆனாலும் மனிதரின் நிலைமையைப் பாருங்கள். 1798-ல் பட்டம். மறு வருடமே ஒப்பந்தம்: நாட்டு நிர்வாகம் கம்பெனிக்கு, தஞ்சைக் கோட்டையும் மானியமும் இவருக்கு. ஆள நாடு இல்லாத ராஜா. அதனால் புத்தகம் சேர்த்தார், வைத்தியம் பார்த்தார், 1803-ல் பெரிய கோவில் சுவரில் தன் வம்ச வரலாற்றை நீளமாகப் பொறித்து வைத்தார். தன்னை யாரும் மறந்துவிடக் கூடாது என்ற தவிப்பு அந்த ஆளிடம் எப்போதும் இருந்தது. மனோராவும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி என்பது என் எண்ணம். தன்னிடம் நாட்டை வாங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்குத் தூண் எழுப்பி, அதில் 'நண்பர்' என்று எழுதிக்கொள்கிறார். வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

கொள்ளிடக்கரை | ஞாயிறு, மதியம் 2:45

சாப்பிட்டுவிட்டு வந்தேன். தம்பியின் மகள் தீவுக் கோட்டை என்றாளே, எங்கள் பக்கம் அந்தப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது, யாரும் பேசவில்லையே! சீர்காழிக்கு வடகிழக்கே, கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் தீவுக்கோட்டை. வெள்ளைக்காரன் வாயில் அது தேவிகோட்டை ஆகிவிட்டது. சுற்றளவு ஒரு மைல், 18 அடி உயரச் செங்கல் சுவர், இடையிடையே உருண்டைக் கொத்தளம். இப்போது போனால் அலையாத்தி மரமும் சேறும் செங்கல் துண்டும்தான்.

1749-ல் இதற்காகப் பெரிய சண்டை. தஞ்சையில் ஆட்சியை இழந்த ஷாஹாஜிக்கு மறுபடியும் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி இங்கிலீஷ்காரர்கள் கிளம்பினார்கள். ஏப்ரலில் முதல் படையெடுப்பு. கடலில் புயல் அடித்து 'நமூர்' என்ற போர்க்கப்பல் ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு மூழ்கியது, 'பெம்புரோக்' என்ற இன்னொன்றும் போனது. ஜூனில் மேஜர் லாரன்ஸ் தலைமையில் மறுபடி வந்தார்கள். லெப்டினன்டாக இருந்த ராபர்ட் கிளைவ் முன்னணியில் ஓடி, தஞ்சைக் குதிரைப் படையிடம் மாட்டி மயிரிழையில் தப்பினான். அன்றைக்கு அந்த வாள் ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் என்று எங்கள் தாத்தா பெருமூச்சு விடுவார், ஏதோ நேரில் பார்த்த மாதிரி. கோட்டை விழுந்ததும் ஷாஹாஜியைக் கைவிட்டார்கள். கோட்டையைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்ட ராஜா யார் தெரியுமா? காக்கா சொன்ன அதே பிரதாப சிங்.

சரி, அந்தக் கோட்டை ஏன் அவ்வளவு முக்கியம்? மசூலிப்பட்டினம் முதல் குமரிமுனை வரை 300 டன் கப்பல் உள்ளே நுழைய ஒரு துறைமுகம் இல்லை என்பது அவர்கள் குறை. கொள்ளிடத்தின் உள்பக்கம் ஆழம் இருக்கிறது, வாயில் இருக்கும் மணல்திட்டை மட்டும் எடுத்துவிட்டால் அருமையான துறைமுகம் என்று கணக்குப் போட்டார்கள். மணலையாவது எடுப்பதாவது! ஆறு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொண்டுவந்து கொட்டுகிறது, வாடைக் காற்று அதைக் கரையோரம் தள்ளுகிறது, முகத்துவாரம் வருடத்துக்கு ஒரு பக்கம் நகர்கிறது. 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை வந்தபோது இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள், பிறகு மறுபடி பிடித்தார்கள். துறைமுகம் மட்டும் வரவே இல்லை. முகத்துவாரத்தைப் பகலில், ஆழம் பார்க்கிற ஆளை வைத்துக்கொண்டுதான் கடக்க முடியும் என்றால் ராத்திரி விளக்கு எதற்கு? டெல்டாவில் விளக்கை அணைப்பது கடல் இல்லை, வண்டல்.

நாகைத் தேர்முட்டி | ஞாயிறு, மாலை 5:30

கடைசி வரியில் எனக்குச் சம்மதம் இல்லை கொள்ளிடத்து அண்ணே. எங்கள் ஊரில் அணைத்தது மனுஷன்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தள்ளி மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம், கருப்புக் கோபுரம் என்று ஆளுக்கொரு பெயர். சர்வே வரைபடத்தில் அதைச் சமணக் கோபுரம் என்று வேறு போட்டுவிட்டார்கள். உண்மையில் பௌத்தம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் தன் தந்தை பெயரில் எழுப்பிய சூடாமணி விகாரம், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செப்பேடு, அதெல்லாம் தெரிந்ததுதான். அந்தப் பௌத்த நாகையின் மிச்சம் இது. சீனப் பயணி ஒருவர் 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பில், 1267-ல் முடிந்தது என்று சீன எழுத்து பொறித்த கோபுரம் ஒன்றும் நாகையில் வருகிறது.

1846-ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் வந்து இந்தக் கோபுரத்தைப் பார்த்தார். சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், உள்ளே உச்சிவரை வெட்டவெளி. கரையோரம் போகிற வருகிற கப்பல்களுக்கு நல்ல அடையாளம் என்று எழுதி வைத்தார். அதே 1846-ல்தான் எங்கள் துறைமுகத்தில் 20 மீட்டர் உயரத்துக்குப் பிரிட்டிஷ்காரர்கள் கலங்கரை விளக்கம் நிறுவினார்கள். 1859-ல் பக்கத்து இடத்தில் கல்லூரி நடத்திய யேசு சபையினர் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள், அரசு மறுத்தது. 1867-ல் மறுபடி கேட்டார்கள், கிடைத்தது. இடித்தாயிற்று. புது விளக்கு வந்துவிட்டதால் பழைய அடையாளத்தைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லாமல் போயிற்று என்பது என் ஊகம். அந்தக் கல்லூரியும் 1883-ல் திருச்சிக்குப் போய்விட்டது! கோபுரமும் இல்லை, கல்லூரியும் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

உப்பள ராசா | ஞாயிறு, இரவு 7:50

வேதாரண்யத்திலிருந்து. கோடியக்கரையில் சோழர் காலத்து விளக்கம் என்று எங்கள் ஊரில் சொல்லும் ஒரு செங்கல் கட்டை இருந்தது. சரித்திர நாவல் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அது விழுந்தது. நான் பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். அடிப்பகுதி மட்டும் இருந்தது, சுற்றிலும் செங்கல் சிதறிக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்து வரலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை.

ஆக வண்டல் ஒன்று, மனுஷன் ஒன்று, கடல் ஒன்று. மூன்று பேரும் சமாதானமாகப் போங்கள்.

தேத்தாங்கொட்டை | ஞாயிறு, இரவு 8:15

ராசா, அந்தக் கல்லை எடுக்காமல் விட்டீர்களே, அதற்கு நன்றி.

செங்கல்சூளை தீப்பந்தம் என்றாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டெல்டாவின் முதல் கலங்கரை விளக்கம் புகாரில். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில், கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளை வரிசையாகச் சொல்லும்போது கலங்கரை விளக்கமும் வருகிறது. பிட்டு வணிகர் விளக்கு, மீன் பரதவர் விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து. அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலத்தைக் கரையும் விளக்கம், கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு. கலங்கரை என்பதில் கடற்கரையே கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் பரீட்சையில் 'கலம் நிற்கும் கரையில் உள்ள விளக்கு' என்றுதான் எழுதுவார்கள்.

செங்கல்சூளை | ஞாயிறு, இரவு 8:40

நானும் அப்படித்தான் எழுதினேன் டீச்சர். மதிப்பெண் போட்டார்களே!

சரி, விட்டுக்கொடுக்கிறேன், பாதி. மனோரா ஒருநாளும் முறைப்படி ஏற்றி இறக்கிய விளக்கு இல்லை. ஆனால் ராஜா வந்து தங்கும்போது மேல் அடுக்கில் விளக்கு எரிந்திருக்கும்தானே? இருட்டில் கடலில் இருந்தவனுக்கு அது தெரிந்திருக்கும்தானே?

பழைய மாலுமி | ஞாயிறு, இரவு 9:05

தெரிந்திருக்கும். ஆனால் அதை நம்பிக் கப்பல் ஓட்டினால் ஆபத்து. இன்றைக்கு எரியும், நாளைக்கு ராஜா தஞ்சாவூர் போய்விடுவார். மாலுமிக்கு விளக்கு இல்லாத கரையைவிட, எப்போது எரியும் என்று தெரியாத விளக்குதான் மோசம்.

அதிரை காக்கா | திங்கள், காலை 6:30

மாலுமி ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு.

ஒன்று விட்டுப்போனது. 2018 நவம்பரில் கஜா அடித்ததே, இந்தக் கரையில் தென்னை முக்கால்வாசி சாய்ந்தது. அதற்கு அடுத்த வாரம் கடலுக்குப் போய்வந்த என் தம்பி மகன், "பெரியத்தா, கரையே அடையாளம் தெரியலை, நம்ம தோப்பையே காணோம், மனோரா மட்டும் நிக்கிது" என்றான். ஜிபிஎஸ் கையில் இருக்கிற பையன். ஆனாலும் கண் அதைத்தான் தேடியிருக்கிறது. எங்கள் வாப்பா சொன்ன இரண்டு அடையாளத்தில் ஒன்று போய்விட்டது.

கன்னியாகுமரிப் பக்கம் மீனவர்கள் இதைக் கணியம் என்பார்கள். ஒரு மலையையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடியைப் பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை போடுவது. எங்களுக்கு மலை ஏது? மனோராதான்.

நாகைத் தேர்முட்டி | திங்கள், காலை 10:20

கொஞ்சம் தலைப்பை விட்டு: மனோராவுக்கு எதிரே கடலில் ஆவுளியா இருக்கிறதாமே, யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அதிரை காக்கா | திங்கள், காலை 11:00

கடற்பசு. இருக்கிறது. தஞ்சை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டக் கடலிலும் சேர்த்து 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மாலுமி ஐயா ஆழமில்லாத தொட்டி என்றாரே, அதுதான் காரணம். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் வளர்கிறது, அதை மேய வருகிறது. வலையில் மாட்டினால் அறுத்து விட்டுவிடுவோம். நான் என் வாழ்க்கையில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூக்கை மட்டும் மேலே நீட்டி ஒரு மூச்சு, அப்புறம் காணாது.

பேராவூரணிக்காரன் | திங்கள், இரவு 9:15

இரண்டு நாளாக வேலை, இப்போதுதான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அணைந்த தேதி இல்லை, ஏனென்றால் அது அரசு ஏற்றிய விளக்கு இல்லை, ராஜா கட்டிய தூண், கடல்காரர்கள் பகலில் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசியாக விளக்கு ஏற்றியவர் ஒருவர் இருப்பார், அவர் சோகமாக இறங்கி வருவார் என்று கற்பனை செய்து வைத்திருந்தாளாம்.

பிறகு கேட்டாள்: "நெப்போலியன் திரும்பி வந்தது தெரிஞ்சதும் ராஜா கல்வெட்டை அழிக்கலையா?" டீச்சர், இது உங்களுக்கு.

தேத்தாங்கொட்டை | திங்கள், இரவு 9:40

அழிக்கத் தேவையே வரவில்லை என்று சொல்லுங்கள். லண்டன் செய்தி தஞ்சாவூர் வந்து சேரவே மாதக்கணக்கு ஆகும். நெப்போலியன் தப்பினான் என்று இங்கே பேச ஆரம்பிக்கும்போது, அங்கே வாட்டர்லூவும் முடிந்திருக்கும். இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அவள் எந்த வகுப்பு?

பேராவூரணிக்காரன் | திங்கள், இரவு 9:44

ஆறாம் வகுப்பு. வருகிற ஞாயிறு மறுபடியும் போக வேண்டுமாம், கல்வெட்டில் 1814 என்று இருப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். காக்கா, மாலை நாலு மணிக்கு மேல் போனால் சரியாக இருக்குமா?

அதிரை காக்கா | திங்கள், இரவு 10:05

நாலு மணிக்கே வந்துவிடுங்கள் தம்பி, வெயில் சாயும்போது எழுத்து நன்றாகத் தெரியும். அகழிப் பக்கம் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடாதீர்கள், நெருஞ்சி கிடக்கிறது. முடிந்ததும் மல்லிப்பட்டினம் வந்து ஒரு போன் போடுங்கள், படகில் கொஞ்ச தூரம் கூட்டிப் போகிறேன். மனோராவைக் கடலிலிருந்து பார்க்கட்டும்.